மூடிய வட்டத்தில் குறையும் வாயு

சித்திரை பிறந்து வெயில் தன் முழு உக்கிரத்தையும் காட்டத் தொடங்கியதும், தமிழ்நாட்டின் கார் பட்டறைகளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "சார், ஏ.சி.யில கேஸ் குறைஞ்சிருக்கு. ஃபில் பண்ணிட்டா சரியாயிடும்." காரின் சொந்தக்காரர் தலையசைத்துப் பணத்தைக் கொடுக்கிறார், காற்று குளிர்கிறது, சில மாதங்கள் சென்றபின் மீண்டும் அதே பட்டறை, அதே வாசகம். சற்றே யோசிக்கும் சுபாவம் உடைய எவருக்கும் இந்த இடத்தில் ஓர் ஐயம் எழாமற் போகாது. பெட்ரோல் எரிந்து புகையாய்ப் போய்விடுகிறது. ஆகையால் அதை மறுபடி ஊற்றுகிறோம். ஏ.சி.க்குள் இருக்கும் வாயுவோ எரிவதில்லை. வேறொரு வஸ்துவாக மாறுவதுமில்லை. மூடிய குழாய்களுக்குள் ஒரே வட்டத்தை ஓயாமல் சுற்றி வருவதே அதன் தொழில். அப்படியிருக்க, அது குறைவானேன்? குறைந்திருக்கிறது என்பதைத்தான் பட்டறைக்காரர் எவ்விதம் அறிந்தார்?

முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவது வினா அவ்வளவு எளிதன்று. அதைப் பலர் கேட்பதே இல்லை என்பதால்தான் ஒவ்வொரு கோடையிலும் ஏராளமான பணமும், பணத்தைவிடப் பெரிதான சில நன்மைகளும் காற்றோடு காற்றாய்ப் போகின்றன.

குளிர் எங்கிருந்து வருகிறது

குளிர் என்பதை ஒரு பொருளாகவும், யந்திரம் அதை உற்பத்தி செய்து உள்ளே ஊதுவதாகவும் நாம் பேசுவது வழக்கம். உண்மையில் யந்திரம் செய்வதெல்லாம், உஷ்ணத்தைக் காரின் உள்ளேயிருந்து எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான். இந்த வேலைக்கு இயற்கையின் இரண்டு நியதிகள் போதுமானவையாக இருக்கின்றன. ஒரு திரவம் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த பொருள்களிலிருந்து உஷ்ணத்தைப் பறித்துக்கொள்கிறது. அதே ஆவி மீண்டும் திரவமாகும்போது, பறித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இது முதல் நியதி. திரவம் எந்த உஷ்ணநிலையில் கொதிக்கும் என்பது அதன்மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்பது இரண்டாவது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் ஜலம், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில், காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதன் காரணமாக, ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலை இறங்கும், கூட்டினால் ஏறும்.

ஜலத்தைக் கொண்டு கார் ஏ.சி.யை நடத்த இயலாது; அறையின் உஷ்ணத்துக்கும் கீழே கொதிக்கும் திரவம் வேண்டும். இன்று நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்னும் ரசாயனப் பொருள். ஒரு மூலக்கூறில் இரண்டு கார்பன், நான்கு ஃபுளோரின், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட இப்பொருள், திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பட்டறையில் இதைக் கேஸ் என்பார்கள். நாம் இந்த அத்தியாயத்தில் குளிர்வாயு என்று அழைப்போம். வட்டத்தின் பாதியில் அது வாயுவாகவும் மறுபாதியில் திரவமாகவும் இருக்கிறது என்பதை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் விசேஷமெல்லாம் அதிலிருந்தே பிறக்கிறது.

ஒரு சுற்று

எஞ்ஜினோடு பெல்ட்டினால் இணைக்கப்பட்டுச் சுழலும் கம்ப்ரஸர், குளிர்வாயுவை உறிஞ்சி, இறுக்கி, உயர்ந்த அழுத்தத்தில் வெளியே தள்ளுகிறது. இறுக்கப்பட்ட வாயு, தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடேறியிருக்கும். அது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குள் நுழைகிறது. மீட்டரில் 200 பவுண்டு காட்டும் அழுத்தத்தில் இப்பொருளின் கொதிநிலை சுமார் 55 டிகிரி. வெளியே வீசும் காற்றோ, கத்திரி வெயிலிலும்கூட, 40 டிகிரியைச் சுற்றியே இருக்கும். ஆகவே அந்தக் காற்றே இதற்குக் குளிர்ச்சியானதாகிவிடுகிறது. வாயு தன் உஷ்ணத்தைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் திரவமாகிறது. இத்தனை பாடுபட்டு வாயுவை இறுக்குவதன் நோக்கம் இதுதான்: வெளிக்காற்றைவிட அதைச் சூடானதாக்கினாலன்றி அதன் உஷ்ணம் வெளியே போகாது.

திரவம் அடுத்து, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடங்கிய ட்ரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் ஊசித்துளை போன்ற குறுகிய வாயிலின் வழியே, டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கூலிங் காயிலுக்குள் பீறிட்டுப் பாய்கிறது. அங்கே அழுத்தம் 30 பவுண்டாகச் சரிந்துவிடுவதால் கொதிநிலையும் 2 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. காரின் உள்ளே சுழலும் காற்று இந்தக் காயிலின் இதழ்களினூடே ஊதப்படும்போது, திரவம் அதன் உஷ்ணத்தைப் பறித்துக் கொதித்து ஆவியாகிறது. ஆவி மீண்டும் கம்ப்ரஸரை அடைகிறது. காற்றிலுள்ள ஈரமும் அந்தக் குளிர்ந்த இதழ்களில் படிந்து நீராய்ச் சொட்டும். காருக்கு அடியில் தேங்கும் அந்தத் தெளிந்த நீரைக் கண்டு எதுவோ ஒழுகுகிறது என்று அஞ்சுவோர் உண்டு. அச்சத்துக்கு அதில் இடமே இல்லை.

இந்த வட்டத்தில் குளிர்வாயுவோடு கூடவே ஓர் எண்ணெயும் பிரயாணம் செய்கிறது. கம்ப்ரஸரின் உள்ளுறுப்புகள் தேயாமல் காப்பது அந்த எண்ணெய்தான். வாயு குறைந்தால் எண்ணெயைச் சுமந்து திரும்பி வரும் ஓட்டமும் குறையும். நாளடைவில் கம்ப்ரஸர் வறண்டு, பிடித்துக்கொண்டு நின்றுவிடும். குளிர் போதவில்லை என்னும் சிறு குறையை அலட்சியம் செய்தவர் முழுக் கம்ப்ரஸருக்கும் விலை கொடுக்க நேர்வது இதனாலேயே.

வாயு எங்கே போயிற்று

வீட்டுக் குளிர்ப்பெட்டியின் குழாய்கள் முற்றிலும் பற்றவைத்து மூடப்பட்டவை. ஆகையால் அதில் வருஷக்கணக்கில் வாயு குறைவதில்லை. காரிலோ அது சாத்தியமில்லை. எஞ்ஜின் ஒரு பக்கம் அதிர, உடல் மறுபக்கம் குலுங்க, இரண்டையும் இணைக்கும் குழாய் வளைந்து கொடுக்க வேண்டுமாகையால் அங்கே ரப்பர் ஹோஸ் தேவைப்படுகிறது. பகுதிகளைக் கழற்றி மாட்ட வேண்டுமாகையால் மூட்டுதோறும் ஓ-ரிங் தேவைப்படுகிறது. பெல்ட் கம்ப்ரஸரின் அச்சைச் சுழற்ற வேண்டுமாகையால், அச்சு உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் தேவைப்படுகிறது. இவை ஒவ்வொன்றிலும் அணுவணுவாகக் கசிவு உண்டு. ஐரோப்பிய யூனியன் 2006-இல் இயற்றிய விதி, இத்தகைய வாயுவும் ஒரே கூலிங் காயிலும் கொண்ட புதிய காரில் வருஷத்துக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்று வரையறுத்தது. அந்த அளவுக்குள் கசிவது யந்திரத்தின் குற்றமன்று, அமைப்பின் இயல்பு.

இயல்பான கசிவு வேறு, பழுது வேறு. சாலையில் தெறிக்கும் கல் கண்டென்சரின் மெல்லிய அலுமினியக் குழாயைத் துளைக்கலாம்; கூலிங் காயிலில் தேங்கும் ஈரமும் தூசியும் சேர்ந்து உலோகத்தை அரிக்கலாம்; காய்ந்து வெடித்த ஓ-ரிங் ஒன்று போதும். வாயுவோடு எண்ணெயும் கசிவதால், ஓட்டை உள்ள இடத்தில் தூசி ஒட்டிய பிசுக்கு படிந்திருக்கும். தேர்ந்த மெக்கானிக் முதலில் கண்ணால் தேடுவது அந்தப் பிசுக்கைத்தான். அப்படியும் அகப்படாவிட்டால் சோப்பு நுரை, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம், வாயுவை முகர்ந்து ஒலியெழுப்பும் மின்சாதனம் ஆகியவை உதவும். கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பி அனுப்புவது வைத்தியமாகாது. அதை நான் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன்.

முள் சொல்லாத உண்மை

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பட்டறைக்காரர், நீலமும் சிவப்புமாக இரண்டு ஹோஸ்களை மாட்டி, இரண்டு கேஜ்களின் முட்களைப் பார்த்து, "கேஸ் குறைஞ்சிருக்கு" என்கிறார். முள் காட்டுவது அழுத்தம். அழுத்தத்தைக் கொண்டு அளவை அறியலாமா?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு காரின் ஏ.சி. குழாய்களுக்குள் மொத்தம் 2 லிட்டர் இடம் இருப்பதாகவும், நிரப்ப வேண்டிய அளவு 450 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். கார் நிழலில் நெடுநேரம் நின்று, எல்லாப் பகுதிகளும் 30 டிகிரியில் இருக்கின்றன. அந்த நிலையில் ஒரு லிட்டர் இடத்தை நிறைக்கும் ஆவியின் எடை ஏறத்தாழ 37 கிராம். அதே இடத்தை நிறைக்கும் திரவத்தின் எடையோ 1,190 கிராமுக்கு அருகில். ஆகவே 450 கிராமில் சுமார் 385 கிராம் திரவமாகக் குழாய்களின் அடியில் தேங்கியிருக்கும்; எஞ்சிய 65 கிராம் ஆவியாக மிச்ச இடத்தை நிறைத்திருக்கும். கேஜின் முள் 97 பவுண்டில் நிற்கும்.

இப்போது 200 கிராம் கசிந்துவிட்டதென்று கொள்வோம். உள்ளே இருப்பது 250 கிராம். ஆவி வெளியேற வெளியேற, அதன் இடத்தை நிரப்பத் திரவம் மேலும் மேலும் ஆவியாகிக்கொண்டே வந்திருக்கும். முடிவில் திரவம் சுமார் 180 கிராம், ஆவி சுமார் 70 கிராம். கார் மறுபடி நிழலில் நின்று 30 டிகிரிக்கு வந்தபின் முள் எங்கே நிற்கும்? அதே 97 பவுண்டில். ஏறத்தாழ பாதி வாயு போன பிறகும் முள் அசையவில்லை! திரவமும் ஆவியும் ஒன்றாக அடைபட்டிருக்கும் வரையில், அழுத்தத்தை நிர்ணயிப்பது உஷ்ணநிலை ஒன்றே. அளவுக்கு அதில் பங்கில்லை. உள்ளே இருப்பது சுமார் 75 கிராமாகக் குறைந்து, திரவத்தின் கடைசித் துளியும் ஆவியான பிறகே முள் இறங்கத் தொடங்கும். வீட்டு அடுக்களையில் சமையல் கேஸ் சிலிண்டர் தீரப்போகும் நாள் வரையில் அடுப்பு அதே வேகத்தில் எரிவதும், மிச்சம் எவ்வளவு என்பதை அறியச் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்க நேர்வதும் இதே காரணத்தால்தான்.

எஞ்ஜின் ஓடும்போது முட்களைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். ஓரளவு தெரியும், ஆனால் அப்போது அழுத்தத்தை ஆட்டிவைக்கும் சக்திகள் பல. வெளிவெயில், காற்றின் ஈரம், எஞ்ஜினின் வேகம், கண்டென்சர் விசிறி, கண்டென்சரின் இதழ்களில் அப்பிய சேறு இவை யாவும் முட்களை அசைக்கின்றன. போதாக்குறைக்கு, எக்ஸ்பான்ஷன் வால்வின் வேலையே காயிலின் நிலைமையைச் சீராக வைத்திருப்பது. ஆகையால் கொஞ்சம் குறைந்தால் அது வாயிலை அகலத் திறந்து அந்தக் குறையை மறைத்துவிடும். புதிய கார்கள் பலவற்றில் கம்ப்ரஸரே தன் வேலையைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதால், அழுத்தம் தாழ்ந்த பக்கத்து முள் வாயு குறைந்த பிறகும் ஒழுங்காகவே காட்சி தரும். முட்கள் யந்திரத்தின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பல சங்கதிகளைச் சொல்லும். 'இத்தனை கிராம்' என்பதை மட்டும் சொல்லவே சொல்லாது.

முள்ளை நம்பி 'டாப்-அப்' செய்வதில் உள்ள ஆபத்து இப்போது விளங்கும். குறைந்தால் மட்டுமன்று, கூடினாலும் கேடுதான். மிகுதியான திரவம் கண்டென்சரில் தேங்கி, வாயு உஷ்ணத்தை இழப்பதற்கான இடத்தைக் கவர்ந்துகொள்ளும்; அழுத்தம் ஏறும்; குளிர் குறையும். குளிர் குறைந்ததைக் கண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றுவோரும் உண்டு. அளவு மிஞ்சினால் ஆவியாகாத திரவமே கம்ப்ரஸருக்குள் நுழைந்துவிடும். திரவத்தை இறுக்க முடியாதாகையால் அங்கே உடைவது உலோகம்.

வெற்றிடமும் தராசும்

அப்படியானால் சரியான முறை எது? இருப்பதை முழுவதும் வெளியே எடுத்து, எடை போட்டு, வெற்றிடமாக்கி, உரிய அளவை நிறுத்து உள்ளே விடுவதே. பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சிறு காகிதத்தில், எந்த வாயு, எத்தனை கிராம் என்பதைக் காரைச் செய்தவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் ஹோஸை மாட்டும் பட்டறையில் காரை விட வேண்டாம்.

வாயுவை மீட்கும் யந்திரம் பழைய வாயுவை உறிஞ்சி எடுத்த பின், வாக்குவம் பம்ப் தன் வேலையைத் தொடங்குகிறது. இதற்குரிய அரைமணி நேரத்தை வீண் என்று நினைப்பவர்கள்தாம் அதிகம். பம்ப் விரட்டுவது காற்றை மட்டுமல்ல. உள்ளே ஒளிந்திருக்கும் ஈரமே பெரிய பகை. அது குளிர்வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும். ஊசித்துளையில் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் துளி நீரைத் துடைத்தெடுக்க யாராலும் முடியாது. ஆனால் உதகமண்டலத்தில் கண்ட அதே நியதி இங்கே கை கொடுக்கிறது. கடல்மட்டக் காற்றின் அழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். குழாய்க்குள் அது 32 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால், 30 டிகிரி வெப்பத்திலேயே ஜலம் கொதித்து ஆவியாகிப் பம்பின் வழியே வெளியேறிவிடும். நெருப்பில்லாமல் நீரைக் கொதிக்க வைக்கும் இந்த உபாயத்துக்குக் காலம் வேண்டும். பத்து நிமிஷத்தில் பம்பை நிறுத்திவிட்டால் காற்று போயிருக்கும், ஈரம் போயிராது.

பம்பை நிறுத்தி, வால்வுகளை மூடி, முள் அசையாமல் நிற்கிறதா என்று கால்மணி நேரம் பார்ப்பது அடுத்த படி. முள் ஏறினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஏறாவிட்டால் ஓட்டையே இல்லை என்று முடிவு கட்டுவதும் சரியன்று. வெற்றிடப் பரீட்சையில் உள்ளே தள்ளுவது ஒரே ஒரு மடங்கு காற்றழுத்தம், ஓடும் யந்திரத்திலோ அதைப்போல் பதினான்கு பதினைந்து மடங்கு அழுத்தம் உள்ளிருந்து வெளியே முட்டுகிறது. ஐயம் இருந்தால், உலர்ந்த நைட்ரஜனை ஏற்றிப் பார்ப்பதே முறை. அதற்குப் பதிலாகச் சக்கரத்துக்கு அடிக்கும் சாதாரணக் காற்றை ஏற்றுவது ஈரத்தை உள்ளே விடுவதோடு, அழுத்தத்தில் குளிர்வாயுவோடு கலந்து தீப்பற்றக்கூடிய நிலையையும் உண்டாக்கும்.

இறுதியில் சிலிண்டரைத் தராசின்மேல் வைத்து, எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, குறித்த கிராம் உள்ளே போனதும் வால்வைத் திருகி மூட வேண்டும். எளிய காரியம்தான். தாழ்ந்த பக்கத்துக் குழாய் கைக்குச் சில்லென்று பட்டு அதன்மேல் வியர்வைபோல் நீர்த்துளிகள் அரும்புவதைக் கண்ட பிறகு, ஹோஸைக் கழற்றி, இரண்டு வாய்களுக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திருகிப் போடுவதோடு வேலை முடிகிறது. அந்த மூடியைப் பலர் அற்பமாக நினைத்துத் தொலைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சிறு வால்வு மெல்லக் கசியும்போது வாயுவைத் தடுத்து நிறுத்துவது அதுவே.

ஆகாயத்தில் கலப்பது

பழைய வாயுவை மீட்கும் யந்திரம் இல்லாத பட்டறைகளில், வால்வைத் திறந்து 'புஸ்' என்று வெளியே விட்டுவிடுவது வழக்கமாய்ப் போயிற்று. ஒரு காரின் அரைக்கிலோ வாயுவால் என்ன ஆகிவிடும் என்று தோன்றுவது இயற்கை. குளிர்வாயுக்களின் சரித்திரம் அந்த எண்ணத்துக்கு விடை சொல்லியிருக்கிறது.

அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு போன்ற நச்சு வாயுக்களைக் கொண்டே குளிர்ப்பெட்டிகள் இயங்கிய காலத்தில், 1928-இல், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக உழைத்த தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவர் சகாக்களும், எரியாத, நச்சற்ற ஆர்-12 என்னும் பொருளை உருவாக்கினார்கள். 1939-இல் பேக்கார்டு நிறுவனம் காட்சிக்கு வைத்த குளிர்சாதனக் கார் முதலாக, அரை நூற்றாண்டுக்கு மேல் கார்களைக் குளிர்வித்தது அவ்வினப் பொருளே. மனிதருக்குத் தீங்கற்ற அதன் நிலைத்த தன்மையே தீங்காய் முடிந்தது. எதிலும் சிதையாத மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மேல் வானத்தை அடைந்து, அங்கே சூரியனின் கடும் ஒளியில் உடைந்து, ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மோலினா, ரோலண்டு என்னும் விஞ்ஞானிகள் 1974-இல் காட்டினார்கள். அண்டார்க்டிகாவுக்கு மேலே படலம் மெலிந்திருப்பதை ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1985-இல் வெளியிட, 1987-இல் இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரீல் ஒப்பந்தம் பிறந்தது. ஆர்-12 விடைபெற்றது; ஆர்-134ஏ அதன் இடத்துக்கு வந்தது.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியின் உஷ்ணத்தை வெளியேறவிடாமல் தடுப்பதில், நூறு வருஷக் கணக்கில், எடைக்கு எடை கார்பன் டை ஆக்ஸைடைப்போல் சுமார் 1,430 மடங்கு வலியது. நமது உதாரணத்துக் காரின் 450 கிராமை ஆகாயத்தில் விடுவது, ஏறக்குறைய 640 கிலோ கார்பன் டை ஆக்ஸைடை விடுவதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளிவருமாகையால், அந்த ஒரு 'புஸ்' ஓசைக்குள் 280 லிட்டர் பெட்ரோலை எரித்த தீங்கு அடங்கியிருக்கிறது. 2016-இல் கிகாலி நகரில் கூடிய தேசங்கள் இவ்வினப் பொருள்களையும் படிப்படியாகக் குறைக்க இசைந்தன. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் இது விலக்கப்பட்டு, ஆர்-1234ஒய்எஃப் என்னும் வேறொன்று பெரிதும் வழங்குகிறது. அது ஆகாயத்தில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும், ஆனால் விலை அதிகம், சிறிது தீப்பற்றும் தன்மையும் உடையது.

விலை குறைவு என்பதற்காக, சமையல் கேஸின் இனத்தைச் சேர்ந்த எரிவாயுவைக் குளிர்வாயுவாக நிரப்புவோரும் இருக்கிறார்கள். அது குளிர்விக்கத்தான் செய்யும். ஆனால் கூலிங் காயில் இருப்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் அறைக்குள் அல்லவா? அங்கே ஓட்டை விழுந்தால் நிரம்புவது எரிவாயு. எரிவாயுவுக்கென்று வடிக்கப்படாத சாதனத்தில் அதை விடுவதை எந்த மலிவும் நியாயப்படுத்தாது.

எத்தனை கிராம் வெளியே வந்தது

ஏ.சி. குளிரவில்லை என்றதும் வாயுவின்மேல் பழி போடுவதற்கு முன், காற்று புகும் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா, கண்டென்சர் விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். பல தடவை குற்றவாளி அங்கேதான் அகப்படுவான். அதன்பின் வாயுவை மீட்டெடுத்தால், தராசு காட்டும் எண்ணைக் கார்க்காரர் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 450 கிராம் இருக்க வேண்டிய காரிலிருந்து 250 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக நிரப்பி எட்டு வருஷம் ஆகியிருந்தால், வருஷத்துக்கு 25 கிராம். ரப்பரும் சீலும் தம் இயல்பில் கசியவிட்டதற்கு மேல் ஒன்றுமில்லை. அளவாக நிரப்பிக்கொண்டு நிம்மதியாய்ப் புறப்படலாம். கடைசியாக நிரப்பியது நாலு மாதத்துக்கு முன்புதான் என்றால், அதே 250 கிராம் வேறு கதை சொல்கிறது: மாதத்துக்கு 50 கிராம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் வரையில் ஒரு கிராமும் உள்ளே விடக் கூடாது. வெளியே வந்தது 450-க்கும் மேலே என்றால், சென்ற முறை முள்ளைப் பார்த்து ஏற்றியவரின் கைவண்ணம் அது; மிகுதியை எடுத்துவிட்டு 450 கிராமை நிறுத்து விட்டாலே குளிர் திரும்பிவிடும்.